பண்ணைப் பாலத்தடியில் உதவிய அண்ணாவுக்கு

வியாழக்கிழமை பின்னேரம் பண்ணைப் பாலத்தடியில், அப்பாவின் பழைய மோட்டார் சைக்கிளோடு நின்ற எனக்கு உதவிய அண்ணா, உங்கள் பெயரைக் கேட்காமல் விட்டுவிட்டேன், மன்னியுங்கள்.

கிறீச்சென்ற சத்தம் கேட்டு, எஞ்சினே போய்விட்டது என்று பயந்திருந்தேன். நீங்கள் ஸ்க்ரூட்ரைவர் நுனியைக் கிளட்ச் மூடியில் ஊன்றி, சத்தம் கேட்க அதன் பிடியில் காதை வைத்தீர்கள். "தம்பி, கிளட்ச் லீவரைப் பிடியும். இப்ப விடும்." பிடித்தால் கிறீச்சிட்டது, விட்டால் நின்றது. "பிழை கிளட்ச் தட்டுகளில இல்லை, லீவரைப் பிடிக்கேக்க கிளட்சைத் தள்ளுற பெயரிங்கிலதான்" என்றீர்கள். கேபிளையும் சரிசெய்து, லீவர் நுனியில் 10 மில்லிமீற்றர் அளவு தளர்வு விட்டுத் தந்தீர்கள்.

வீட்டில் மூடியைக் கழற்றினால் அப்படியே! பெயரிங்கை விரலால் சுற்றினாலே மணல் அரைபடுவதுபோல் கரகரத்தது. புதியது போட்டு, ஒயில் கசியாமல் மூடிக்கு வைக்கும் கேஸ்கெட்டையும் மாற்றி, ஒயில் விட்டேன். சரி, சத்தமே இல்லை.

காசும் வாங்கவில்லை நீங்கள். அம்மா உங்களைச் சாப்பிட வரச் சொன்னா.