கன்றுகளை மட்டும் எண்ணாதீர்கள், வழியும் நீரின் கலங்கலையும் அளந்து சொல்லுங்கள்

நெய்வேலிச் சுரங்கங்களில் நிலத்தை மீட்கும் பணியில் இருக்கும் பொறியாளர்களுக்கும் அலுவலர்களுக்கும்,

வணக்கம். ஐப்பசி பிறப்பதற்குள் இதை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன். அடைமழை பிடித்துவிட்டால் உங்களுக்குப் படிக்க நேரம் இருக்காது.

ஒரு டன் பழுப்பு நிலக்கரிக்கு ஏறக்குறைய ஐந்தாறு கன மீட்டர் மண்ணை அகற்ற வேண்டியிருக்கிறது. அந்த மண்ணைத் திரும்பக் கொட்டிச் சமன்செய்து, அதில் மரமும் பயிரும் வளர்த்துக் காட்டியிருக்கிறீர்கள். லேசான வேலை இல்லை அது. ஆனால் மீட்பு என்றதும் இத்தனை ஹெக்டேர், இத்தனை கன்று என்றே கணக்குச் சொல்கிறோம். கொட்டிய மண் கொட்டிய இடத்திலேயே நிற்கிறதா என்ற கேள்வி அந்தக் கணக்கில் வருவதில்லை.

கொட்டிய மண்ணில் மழை எப்படி வேலை செய்கிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. கனரக வண்டிகள் ஏறி இறங்கி மேற்பரப்பு இறுகிவிடுகிறது. தழையோ புல்லோ மூடாத இடத்தில் துளிகள் அறைந்து, நுண்மண் துவாரங்களை அடைத்து, மெல்லிய ஏடு படிகிறது. நீர் இறங்க வழியில்லாமல் வழிகிறது. முதலில் விரல் அகலக் கீறல், அப்புறம் ஆள் இறங்கும் ஓடை. சரிவு நீளமானால் நீர் சேர்ந்து வேகமெடுக்கும். வேகம் இரண்டு மடங்கானால் அதன் ஆற்றல் நான்கு மடங்கு. கன்று நட்டதால் மட்டும் இது நிற்காது. கன்றுக்கும் கன்றுக்கும் இடையில் தரை வெறுமையாகக் கிடந்தால், மண்ணுக்கு அது வெறும் மேடுதான்.

சரிவுக்குக் குறுக்கே ஒரே மட்டத்தில் போடும் சமமட்ட வரப்புகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். புது நிரப்பு மண் பல ஆண்டுகள் அமர்ந்துகொண்டே இருக்கும், அதுவும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி அமராது. வரப்பு ஓரிடத்தில் தாழ்ந்துவிட்டால், அது தேக்கிய தண்ணீர் அத்தனையும் அந்த ஒரு வாய் வழியாகப் பாயும். வரப்பே இல்லாமல் இருந்திருக்கலாம் என்று தோன்றும் அளவுக்கு அங்கே அறுத்துவிடும். ஒவ்வொரு பெருமழைக்குப் பின்னும் வரப்பைச் சுற்றிப் பார்க்க ஆள் வேண்டும்.

திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கங்களுக்கான சுற்றுச்சூழல் அனுமதிகளில் வழக்கமாக எழுதப்படும் நிபந்தனைகள் உண்டு. கொட்டிய மண்மேட்டின் மொத்தச் சரிவு 28 பாகையைத் தாண்டக் கூடாது. மேட்டைச் சுற்றி வெட்டும் வடிகால்களின் கொள்ளளவு 50 ஆண்டுப் பதிவிலுள்ள உச்ச மழைக்கு மேலும் 50 விழுக்காடு கூடுதலாக இருக்க வேண்டும். 2015 நவம்பரில் நெய்வேலியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியதே, அந்த மழையையும் சேர்த்து உங்கள் வடிகால்கள் மறுபடி கணக்கிடப்பட்டனவா? ஆம் என்றால் அந்தக் கணக்கை ஊர்களுக்குக் காட்டுங்கள். ஓடிவரும் மண்ணைத் தேக்கிப் படியவைக்கும் வண்டல் குட்டைகளைப் புரட்டாசிக்குள் தூர்வாரிவிடுங்கள். நிரம்பிய குட்டை வெறும் வாய்க்கால்தான், எதையும் பிடித்து வைக்காது.

சரிவுகளுக்கு வெட்டிவேர் வையுங்கள். நம் கடலூர்க் கரையோர மணலில் உழவர்கள் வளர்க்கும் பயிர் அது, நாற்றுக்கு வெகுதூரம் போக வேண்டாம். நெருக்கி நட்டால் வேர் நேர் கீழே இறங்கி மண்ணைப் பிடிக்கும், தூர் வேலியாக நின்று வண்டலை வடிகட்டும்.

மேட்டில் வழியும் மண் கடைசியில் வருவது எங்கள் வயல்களுக்கு நீர் தரும் பரவனாற்றுக்கும் வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும்தான். ஏரியில் ஓர் அடி வண்டல் ஏறினால், எங்களுக்கு ஓர் அடித் தண்ணீர் போயிற்று. கடைமடையில் கதிர் பிடிக்கும் நேரத்தில் அந்த ஓரடிதான் இல்லாமல் போகும்.

அதனால் கேட்பது ஒன்று. மீட்ட நிலத்திலிருந்து நீர் வெளியேறும் ஒவ்வொரு வாயிலிலும் மழை நாளில் நீர் எடுத்து, லிட்டருக்கு எத்தனை கிராம் மண் என்று நிறுத்து, அதை ஊராட்சிப் பலகையில் எழுதிப் போடுங்கள். புட்டியும் வடிதாளும் தராசும் போதும். எல்லா வாயிலுக்கும் ஆள் இல்லையென்றால், இந்த ஐப்பசியில் ஒரு வாயிலில் தொடங்குங்கள். நீர் பிடித்துக் கொடுக்க எங்கள் ஊர்ப் பிள்ளைகள் வருவார்கள்.

இப்படிக்கு,
வேளாண்மை படித்து, பரவனாற்றுப் பாசனத்தில் நெல் வைக்கும் ஒருவன்