குமரி மாவட்ட பி.எட். கல்லூரிப் பேராசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதல்வர்களுக்கும் பேராசிரியர்களுக்கும் வணக்கம்.

உங்கள் கல்லூரிகளிலிருந்து கற்பித்தல் பயிற்சிக்கு வருகிறவர்களிடம் வகுப்பை ஒப்படைத்துவிட்டு, கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கவனிக்கும் அரசுப் பள்ளித் தமிழாசிரியை நான். பயிற்சிப் பள்ளிகளை நீங்கள் ஒதுக்கும் முறை பற்றித்தான் இந்த மடல்.

2018-இல் நான் ஒரு கடற்கரை ஊர்ப் பள்ளியில் இருந்தேன். மலையோரத்து ஊரிலிருந்து ஒரு பயிற்சி ஆசிரியை வந்தார். வீட்டுப் பக்கம் இடம் கிடைக்காததால் எங்களிடம் வந்தவர். முதல் வாரம், ஏழாம் வகுப்பு. கரும்பலகையில் ‘என் அப்பா’ என்று தலைப்பு எழுதி, கட்டுரை எழுதச் சொன்னார். மூன்றாவது வரிசையில் ஒரு பையன் தலைப்பை மட்டும் எழுதி, அதன் கீழே ஸ்கேல் வைத்து இரண்டு கோடு போட்டுவிட்டுப் பேனாவை மூடி வைத்தான். “ஏன் எழுதல?” என்று இரண்டு தடவை கேட்டார். அவன் எழுந்து நின்றானே தவிர வாய் திறக்கவில்லை. பக்கத்து வரிசைச் சிறுமிதான் சொன்னாள்: “டீச்சர், அவங்க அப்பா ஒக்கியில போனாரு. இன்னும் வரல.”

2017 நவம்பர் 30, ஒக்கிப் புயல் அடித்த நாள். அந்தத் தேதியை நம் கடற்கரையில் யாருக்கும் நினைவுபடுத்த வேண்டியதில்லை. கடலுக்குப் போன பலருடைய உடல்கூடக் கரைக்கு வரவில்லை.

அந்தப் பயிற்சி ஆசிரியைமீது எனக்குக் கோபமில்லை. அவருடைய ரெக்கார்டு நோட்டில் கற்பித்தல் நோக்கம், துணைக் கருவி, மதிப்பீடு எல்லாம் சரியாக இருந்தன. அந்த வகுப்பில் இருப்பது யார் என்று எழுத ஒரு கட்டம் இல்லை. அவரை அனுப்பிய கல்லூரி சொல்லவில்லை. வழிகாட்டி ஆசிரியையான நானும் சொல்லவில்லை. அது என் தவறு. இன்றும் உறுத்துகிறது.

அதன்பின் அவர் செய்ததையும் சொல்ல வேண்டும். சாயங்காலங்களில் கரைக்குப் போய், வலை சீராக்கிக்கொண்டிருந்தவர்களிடம் பேசினார். நடுக்கடலில் மீன் கூடும் ‘பார்’ என்னும் கடலடிப் பாறைத் திட்டை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று கேட்டார். கரையிலிருக்கும் மலையையும் கோவில் கோபுரத்தையும் ஒரே கோட்டில் வைத்துப் பார்க்கும் கணியம் பற்றித் தெரிந்துகொண்டு வந்து, அதையே கட்டுரைக்குத் தலைப்பாகக் கொடுத்தார். அந்தப் பையன் ஒன்றரைப் பக்கம் எழுதினான்.

உங்கள் பாடத்திட்டத்தில் உள்ளடக்கிய கல்வி இருக்கிறது. தேர்வில் அதற்கு உங்கள் மாணவர்கள் நன்றாகவே விடை எழுதுகிறார்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டம் பட்டியலிடும் 21 வகைக் குறைபாடுகளையும் வரிசையாகச் சொல்லிவிடுவார்கள். ஆனால் கற்பித்தல் பயிற்சி என்று வந்ததும் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளி, தெரிந்த நிர்வாகம், பல சமயம் தங்கள் சபையோ சமூகமோ நடத்தும் பள்ளி என்று போய்விடுகிறார்கள். மொத்தம் 20 வாரம் பள்ளியில் இருந்தும், தாங்கள் வளர்ந்த வட்டத்தைத் தாண்டாமலேயே ஆசிரியர் ஆகிவிடுகிறார்கள்.

இத்தனைக்கும் இந்தச் சின்ன மாவட்டத்தில் எத்தனை உலகம் இருக்கிறது! விளவங்கோடு பக்கம் வீட்டில் மலையாளம் பேசும் பிள்ளைகள். பேச்சிப்பாறை அணைக்கு அப்பாலிருந்து படகேறி வரும் காணிப் பழங்குடிப் பிள்ளைகள். வேலை தேடி வந்த வட மாநிலக் குடும்பங்களின் பிள்ளைகள். 2011 கணக்கெடுப்பின்படி இந்துக்களும் கிறிஸ்தவர்களும் ஏறக்குறைய சரிபாதி. இஸ்லாமியர்கள் நூற்றுக்கு நான்கு பேர். 1982-இல் மண்டைக்காட்டு மதக் கலவரத்தையும் பார்த்த மண் இது. பக்கத்து பெஞ்சுக்காரனின் வீட்டில் என்ன கும்பிடுகிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள் என்று ஒரு பிள்ளை கூச்சமில்லாமல் கேட்கவும் பதில் சொல்லவும் வகுப்பறையை விட்டால் வேறு இடம் ஏது?

இன்னொன்று. 1956 நவம்பர் 1 அன்று நாம் தாய்த் தமிழகத்தோடு சேர்ந்ததை ஆண்டுதோறும் கொண்டாடுகிறோம். மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க அரசு முயல வேண்டும் என்னும் அரசமைப்புச் சட்டத்தின் 350-ஏ பிரிவு நடைமுறைக்கு வந்ததும் அதே நாள்தான். நம் மொழிக்காகப் போராடி எல்லை மாறிய நாம், நம் வகுப்பிலிருக்கும் மலையாளப் பிள்ளையின் கூச்சத்தை மற்றவர்களைவிட நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டாமா? ஆறாம் வகுப்புக் குழந்தை முக்கனியில் ஒன்றாகச் ‘சக்கை’ என்று எழுதியதற்குப் பயிற்சி ஆசிரியை ஒருவர் சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டதைப் பார்த்திருக்கிறேன். அவர் வீட்டிலும் அதைச் சக்கை என்றுதான் சொல்வார்கள். ‘சக்கை என்று நாம் சொல்வதைத்தான் பாடப்புத்தகம் பலா என்கிறது’ என்று சேர்த்துச் சொல்லிக் கொடுத்தால் குழந்தைக்கு இரண்டு சொல்லாகிவிடும். சொந்தப் பேச்சைத் தப்பு என்று அடிக்க அவருக்கு யார் கற்றுக்கொடுத்தது?

நான் கேட்பது பெரிய செலவுள்ள காரியமல்ல. 20 வாரத்தில் நான்கு வாரமாவது பழக்கமில்லாத பகுதிக்கு அனுப்புங்கள். கடற்கரைப் பிள்ளை மலைக்குப் போகட்டும், மலைப் பிள்ளை கடற்கரைக்கு வரட்டும், தமிழ்வழியில் படித்தவர் ஒரு மலையாள வழிப் பள்ளியில் சில நாளாவது உட்காரட்டும். போகுமுன் அந்த ஊரைத் தெரிந்த ஒரு ஆசிரியர் அவர்களோடு ஒரு மணி நேரம் பேசட்டும். அப்புறம், ரெக்கார்டு நோட்டின் முதல் பக்கத்தில் ‘என் வகுப்பில் யார் யார்’ என்று எழுதச் சொல்லி, அதற்கும் மதிப்பெண் போடுங்கள்.

தூரம், பேருந்து வசதி, பெண் பிள்ளைகளின் பாதுகாப்பு என்று நீங்கள் தயங்குவது எனக்குப் புரிகிறது. நான் இப்போது இருப்பது மலையோரம், குலசேகரம் பக்கத்துப் பள்ளி. அடுத்த அணியிலிருந்து கடற்கரைப் பிள்ளைகள் இரண்டு பேரை எங்களிடம் அனுப்புங்கள். காலைப் பேருந்து நேரங்களை நானே எழுதித் தருகிறேன். முதல் நாள் நிறுத்தத்தில் வந்து நிற்கிறேன்.

அன்புடன்,
ஒரு வழிகாட்டி ஆசிரியை