லோடு மிஞ்சிய வண்டியை ஓட்டும் மகனுக்கு

அன்பு மகனுக்கு,

உன் பார்சல் டெலிவரி வேனுக்குள் எடுத்து நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டு பக்க ரேக்குகளும் கூரை முட்ட நிரம்பி, நடக்க விட்டிருக்கும் வழியிலும் இடுப்பு உயரத்துக்குப் பெட்டிகள். "இன்னைக்கும் எல்லாத்தையும் முடிக்க முடியலம்மா, நான்தான் ஸ்லோவா இருக்கேன் போல" என்று அடியில் எழுதியிருந்தாய். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

நீ ஸ்லோ இல்லை. பார்சல் கிடங்கில் வண்டிக்குப் பெட்டி ஏற்றும் லோடராக இருந்தவள் சொல்கிறேன், கேள். சாதாரண நாளில் ஸ்டாப் வரிசைப்படி, அதாவது நீ எந்த வீட்டில் முதலில் நிறுத்திக் கொடுக்கிறாயோ அந்த வரிசைப்படி, ரேக்கில் அடுக்குவோம். முதலில் இறக்க வேண்டியது கைக்கு எட்டும் இடத்தில் இருக்கும். பண்டிகை சீசன் வந்துவிட்டால் ஒரே ஆள் மூன்று நான்கு வண்டிகளுக்கு ஏற்ற வேண்டியிருக்கும். பெல்ட்டில் பெட்டி வந்துகொண்டே இருக்கும், அதை நிறுத்தினால் பின்னால் மொத்தக் கிடங்கும் நின்றுபோகும். ரேக் நிரம்பிய பிறகு வரிசையாவது ஒன்றாவது, இடம் தெரிகிற பக்கம் செருகத்தான் முடியும். இதற்கு மேல், லோடு ஏற்றி முடித்த பிறகு உன் போனில் வழி சொல்லும் ஆப் ரூட்டை மாற்றினால் நாங்கள் அடுக்கியது ஒரு வரிசை, நீ போவது இன்னொரு வரிசை. ஆகவே காலையில் கதவைத் திறக்கும்போது நீ பார்க்கிற குழப்பத்துக்கு நீயும் காரணமில்லை, ஏற்றியவரும் காரணமில்லை.

எத்தனை வண்டி ஓடும், எத்தனை ஆள் எடுப்பார்கள் என்பதை எல்லாம் மேலே இருப்பவர்கள் பல மாதங்களுக்கு முன்பே முடிவு செய்கிறார்கள். அந்தக் கணக்கு தப்பினால் மிச்சம் உன் வண்டியில்தான் வந்து சேரும். 2013 கிறிஸ்துமஸ் சமயத்தில் அமெரிக்காவில் யூபிஎஸ், ஃபெடெக்ஸ் மாதிரி பெரிய பார்சல் கம்பெனிகளாலேயே பண்டிகைக்குள் எல்லாவற்றையும் கொடுத்து முடிக்க முடியவில்லை. கடைசி நேரத்தில் ஆன்லைன் ஆர்டர் குவிந்தது, மோசமான வானிலையும் சேர்ந்துகொண்டது. அத்தனை விமானமும் கிடங்கும் வைத்திருப்பவர்களுக்கே அப்படி என்றால், ஒரு வண்டியும் இரண்டு கையும் வைத்திருக்கிற நீ ஏன் உன்னைக் குறை சொல்லிக்கொள்கிறாய்?

சரி, வேலைக்கு வருகிறேன். காலையில் வண்டியை எடுக்கும் அவசரத்தை முதலில் விடு. இப்படி நிரம்பிய வண்டியில் பெட்டியைத் தேடுவதிலேயே நிறைய நேரம் போகும். கிளம்பும் முன் நடைவழியை மட்டுமாவது காலி செய். பெரிய பெட்டிகளை எங்கே வைத்தாய் என்று ஒரு தாளில் குறித்துக்கொள், ஏனென்றால் பெரிய பெட்டிதான் அதன் பின்னால் இருக்கும் பத்துச் சின்னதை மறைக்கும். தடித்த மார்க்கரால் ஸ்டாப் எண்ணைப் பெட்டியின் மேல்பக்கம் எழுதாதே. மேலே இன்னொரு பெட்டி ஏறியதும் அது தெரியாது. நடைவழியைப் பார்த்திருக்கும் பக்கத்தில் எழுது. அப்புறம், ஒவ்வொரு ஸ்டாப்பிலும் மலையைக் குடையாமல், அடுத்த பத்துப் பதினைந்து ஸ்டாப்புக்கு உரியதை ஒரே தடவை எடுத்து முன்பக்கம் வரிசையாக வைத்துக்கொள். எங்கள் கிடங்கில் பழைய டிரைவர்கள் எல்லோரும் இப்படித்தான் செய்தார்கள். நின்று அடுக்கும் அந்தச் சில நிமிடங்கள் வீண் இல்லை.

எடை விஷயத்தில் கண்ணை நம்பாதே. துணியும் பொம்மையும் என்றால் கூரை வரை நிரம்பியிருந்தாலும் எடை இருக்காது. உடற்பயிற்சிச் சாமான், தண்ணீர் பாட்டில், பூனைக்கான மணல் மூட்டை, பிரித்து அனுப்பும் மேஜை கட்டில் என்று வந்தால் பாதி வண்டியிலேயே எல்லை தாண்டிவிடும். வண்டியில் பொருத்தியிருக்கும் தகட்டில் எழுதியிருக்கும் மொத்த எடை வரம்பு என்பது வண்டி, எரிபொருள், லோடு, நீ, கூட வரும் ஹெல்பர் எல்லாம் சேர்த்துத்தான். கனமானது எல்லாம் பின் அச்சுக்குப் பின்னால் குவிந்தால் முன்சக்கரத்தில் பாரம் குறைந்து ஸ்டியரிங் லேசாகிவிடும், திருப்பினால் வண்டி உடனே கேட்காது. உயரத்தில் கனம் இருந்தால் வளைவில் சாயும். பிரேக் பிடித்தாலும் நிற்கத் தூரம் எடுக்கும். காற்றுக் குறைந்த டயரில் அதிக லோடு ஏறினால் டயர் சூடாகி வெடிக்கும். அதனால் கனமானதைக் கீழே, அச்சுகளுக்கு நடுவில் வைக்கச் சொல். காலையில் டயரைப் பார்க்காமல் கிளம்பாதே. எடை கூடிவிட்டது என்று தோன்றினால் எடை மேடையில் ஏற்றிப் பார்க்க வேண்டும் என்று வாய்விட்டுக் கேள். அப்படிக் கேட்பது அடாவடி இல்லை. போலீஸ் நிறுத்தினாலும் விபத்து நடந்தாலும் ஸ்டியரிங் பிடித்திருந்தவனைத்தான் முதலில் கேட்பார்கள்.

உன் முதுகையும் நினை. அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1991-ல் திருத்திய கணக்குப்படி, பெட்டி உடம்பை ஒட்டி, சரியான உயரத்தில், நல்ல பிடியோடு இருக்கும்போதே ஒருவர் தூக்குவதற்குச் சொல்லும் அளவு 23 கிலோதான். தரையிலிருந்து குனிந்து எடுத்தால், எட்டி எடுத்தால், உடம்பைத் திருப்பினால் அது இன்னும் குறையும். நிரம்பிய வண்டிக்குள் நீ செய்வது இந்த மூன்றையும்தானே? தள்ளுவண்டி இருந்தால் கூச்சப்படாமல் எடு. இறங்கும்போது குதிக்காதே. இரண்டு கை ஒரு கால், அல்லது இரண்டு கால் ஒரு கை எப்போதும் வண்டியைத் தொட்டபடி இறங்கு. நாள் முழுக்கக் குதித்து இறங்கியவர்கள் பலருக்கு முழங்கால் போனதை நேரில் பார்த்தவள் நான்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் பெரிய லாரி ஓட்டுகிறவர்களுக்கு நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிட ஓய்வு சட்டப்படி கட்டாயம். உன்னைப் போல 3.5 டன்னுக்கு உட்பட்ட வேன் ஓட்டுகிறவர்களுக்குப் பெரும்பாலும் அந்த விதி பொருந்தாது. இது எனக்குக் கொஞ்சமும் நியாயமாகப் படவில்லை. சட்டம் சொல்லாவிட்டாலும் நீ நிறுத்து. சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே, சிறுநீரை அடக்காதே. ஓய்வில்லாமல் ஓடினால் கடைசி ஒரு மணி நேரத்தில் கண் பார்ப்பதை மூளை வாங்காது. இருட்டில் தெருவில் பிள்ளைகள் இருப்பார்கள்.

கடைசியாக, மிச்சம் வந்த பெட்டிகள். நேரம் முடிந்ததும் திருப்பிக் கொண்டுவா. கொடுக்காததைக் கொடுத்ததாக ஸ்கேன் செய்யாதே, யாராவது அப்படிச் செய்யச் சொன்னாலும் வேண்டாம். முடியாது என்று பிற்பகலிலேயே தெரிந்துவிட்டால் அப்போதே மேற்பார்வையாளருக்கு எழுத்தில் செய்தி அனுப்பு. இரவில் சொன்னால் அது சாக்குப்போக்காகத் தெரியும். பிற்பகலில் சொன்னால் இன்னொரு வண்டியை அனுப்ப அவர்களுக்கு வழி இருக்கும். திரும்பி வந்த பெட்டிகள் கணக்கில் வந்தால்தான் அடுத்த வருடம் எத்தனை வண்டி வேண்டும் என்பது அவர்களுக்கும் புரியும். நீ ஓய்வை விட்டுக்கொடுத்து, ஓடி ஓடி எல்லாவற்றையும் முடித்துக் கொடுத்தால், இந்த லோடு ஒரு ஆளுக்குச் சரி என்றே எழுதிக்கொள்வார்கள்.

டிசம்பர் 25-ஓடு முடியும் என்று எண்ணாதே. பிடிக்காததையும் அளவு சேராததையும் திருப்பி அனுப்புவார்கள், ஜனவரியிலும் வண்டி நிறையும். அதனால் லீவை இப்போதே எழுதிக் கேட்டுவிடு, எந்தத் தேதி கிடைத்தது என்று எனக்குச் சொல். அதற்கு முன் அந்த வலது தோளை டாக்டரிடம் காட்டு. படத்தில் பெட்டியை இடது கையால் பிடித்திருக்கிறாய், நீ இடக்கைக்காரன் இல்லையே.

அன்புடன்,
அம்மா