நம் கிதார் சங்கத்தின் 2024ஆம் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, பிள்ளைகளை அழைத்து வந்திருக்கும் பெற்றோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஜனவரி முதல் டிசம்பர் முடிய நம் சங்கத்தில் நடந்தவற்றைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். சென்ற ஆண்டு அறிக்கை நீளம் என்று பின்வரிசையில் முணுமுணுப்பு எழுந்தது. இந்த ஆண்டும் நீளம்தான், பொறுத்தருள வேண்டும். வழக்கமானவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். செயற்குழு ஒன்பது முறை கூடியது. அதற்குமேல் மூன்று முறை, போதிய ஆள் வராததால், தேநீர் குடித்துவிட்டுக் கலைந்தது. புதிதாகப் பதினொருவர் சேர்ந்தார்கள். நால்வர் வேலைக்காக வெளிநாடு போய்விட்டார்கள். சந்தா பாக்கி வைத்திருப்பவர்களின் பெயர்களைப் படிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் படிக்கவில்லை. அவர்கள் யார் என்பது அவர்களுக்கே தெரியும். வரவுசெலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

ஆண்டு தண்ணீரில்தான் பிறந்தது. ஜனவரி 15ஆம் தேதி நம் மொரிஷியஸைத் தாக்கிய பெலால் புயலின்போது தலைநகர் போர்ட் லூயிஸ் தெருக்களில் வெள்ளம் கார்களைப் புரட்டிக்கொண்டு போனதை எல்லோரும் பார்த்தோம். அப்படிப் போன ஒரு காரின் பின்பெட்டியில் நம் உறுப்பினர் ஒருவரின் இரண்டு கிதார்கள் இருந்தன. தைப்பூசம் முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவற்றைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி, ஏதோ பிள்ளையைத் தூக்கி வருவதுபோல, ரோஸ் ஹில் மண்டபத்துக்குக் கொண்டுவந்தார்.

இரண்டில் ஒன்று டெலிகாஸ்டர் பாணி மின்கிதார். அதன் கழுத்து உடலோடு நான்கு திருகாணிகளால் மட்டுமே பிணைக்கப்பட்டிருக்கும். 1950இல் லியோ ஃபெண்டர் அப்படி வைத்தது ஆலையில் விரைவாகக் கோப்பதற்கும், பழுதானால் மாற்றுவதற்கும்தான். திருகாணிகளைக் கழற்றினோம், உலர்த்தினோம், முறுக்கிக்கொண்ட கழுத்தை எறிந்துவிட்டு வேறொரு கழுத்தைப் பூட்டினோம். மார்ச் மாதம் அது பாடியது. மற்றது கழுத்தை உடலோடு ஒட்டிச் செய்யும் லெஸ் பால் பாணிக் கிதார். அதில் ஒட்டு விட்டிருந்தது, கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பி துருப்பிடித்துத் திரும்ப மறுத்தது. விலையைப் பார்த்தால் அதுதான் இரண்டில் உயர்ந்தது. இப்போது மண்டபச் சுவரில் தொங்குகிறது. போகும்போது ஒருமுறை பார்த்துவிட்டுப் போங்கள்.

அன்று அந்த உறுப்பினர் கேட்ட கேள்விதான் இந்த ஆண்டின் பெரும்பகுதியைத் தின்றது. “குளிர்நாட்டில் இருப்பவனுக்காகச் செய்ததை வாங்கி நாம் ஏன் அல்லாட வேண்டும்? நம் கைக்கும் நம் ஊருக்கும் ஏற்ற கிதாரை இங்கேயே செய்தால் என்ன?” கியூர்பைப்பில் கப்பல் மாதிரிகள் செய்யும் பட்டறையில் நெடுநாள் வேலைபார்த்த அண்ணன் ஒருவர் நம் உறுப்பினர். அரை மில்லிமீட்டர் மரத் தகட்டை வளைக்கத் தெரிந்த கை அவருடையது. நான்கைந்து கிதார்களுக்கு அவர் ஒப்புக்கொண்டார். யாருக்கு என்ன வேண்டும் என்று கேட்டு எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது.

அங்கேதான் நான் முதல் தவற்றைச் செய்தேன். பெரிய நிறுவனங்களின் விலைப்பட்டியல்களைப் பார்த்து நாற்பது கேள்விகள் கொண்ட ஒரு படிவம் தயாரித்தேன். அதைத் தமிழ், பிரெஞ்சு, கிரயோல் மூன்றிலும் அச்சிடுவது என்று முடிவாகி, எது முதலில் வருவது என்பதில் ஒரு மணி நேரம் போயிற்று. நம் நாட்டு ரூபாய் நோட்டில் தமிழின் இடம் மாறியதற்கே 1998இல் கொந்தளித்தவர்கள் அல்லவா நாம். தமிழ் முதலில் வந்தது. ஆனால் திரும்பி வந்த படிவங்களைப் படித்தபோது தலை சுற்றியது. புலிவரி மேப்பிள் மர முகப்பு, தங்கமுலாம் பூசிய பிருடைகள், ஏழு சுவிட்சுகள், தந்தியின் அசைவை மின்சாரமாக்கும் பிக்கப்புகளில் மூன்று வகை. ஒருவர் ஒரே கிதாரில் ஆறு தந்தியும் பன்னிரண்டு தந்தியும் கேட்டிருந்தார். பட்டறை அண்ணன் எல்லாவற்றையும் படித்துவிட்டு, “தம்பி, இது கிதார் இல்லை, கல்யாணச் சீர்வரிசை” என்றார்.

இரண்டாவது படிவத்தில் ஒரே கேள்வி: இப்போது உங்களிடம் இருக்கும் கிதாரில் உங்களை எரிச்சல்படுத்துவது எது? விடைகள் ஒரே வாரத்தில் வந்து குவிந்தன. தங்கமுலாம் ஒன்றில்கூட இல்லை. தோள் வலிக்கிறது, கை ஒட்டுகிறது, கோயில் மண்டபத்தில் ‘உம்’ என்று முனகுகிறது, மலையிலிருந்து கடற்கரைக்கு இறங்கினால் சுருதி நிற்பதில்லை.

இந்தக் கடைசிக் குறை நம் நாட்டுக்கே உரியது. மேட்டில் இருக்கும் கியூர்பைப்பின் ஈரத்தில் சட்டை காயாது. ஒரு மணி நேரத்துக்குள் இறங்கிப் போர்ட் லூயிஸ் வந்தால் வெயில் கொளுத்தும். மரம் ஈரத்தைக் குடித்தால் கழுத்து ஒரு பக்கம் வளையும், விட்டால் மறுபக்கம். ஆகவே ஐந்து கிதார்களுக்கும் குறைந்த ஆக்சிஜனில் வறுத்தெடுத்த மேப்பிள் கழுத்து என்று முடிவாயிற்று. வறுத்த மரம் ஈரத்தை எளிதில் ஏற்காது. உள்ளே இருபுறமும் திருப்பக்கூடிய எஃகுக் கம்பி. அதைத் திருப்பும் சக்கரம் கழுத்தின் அடியில் வெளியே தெரியும். கழுத்தைக் கழற்றாமல், கச்சேரிக்கு ஐந்து நிமிடம் முன்பு திருப்பிக்கொள்ளலாம். கழுத்தின் பின்புறத்தில் பளபளப்பு வார்னிஷ் இல்லை, எண்ணெய்ப் பூச்சு மட்டும். வியர்த்த கட்டைவிரல் ஒட்டாமல் நழுவுகிறது.

கழுத்தின்மேல் தந்திகளுக்கு அடியில் இருக்கும் விரற்பலகைக்கு ஈட்டி மரம் வேண்டும் என்று மூவர் பிடிவாதமாக நின்றார்கள். அந்த மரம் சேர்ந்த டால்பெர்ஜியா பேரினம் முழுவதும் 2017 ஜனவரி முதல் அருகிவரும் உயிரினங்களுக்கான பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. 2019 நவம்பரில் செய்துமுடித்த இசைக்கருவிகளுக்கு விலக்குக் கொடுத்தார்கள். அறுத்த பலகைக்குக் கொடுக்கவில்லை. இது தெரியாமல் பலகையாக வரவழைத்தோம். அனுப்பியவர் உரிய அனுமதித் தாளை வைக்கவில்லை. மூன்று மாதக் கடிதப் போக்குவரத்துக்குப் பிறகு பெட்டி வந்த வழியே திரும்பியது. தவறு பாதி அவர்களுடையது, பாதி என்னுடையது. கருங்காலி வைக்கலாமே என்றார் ஒருவர். 1638இல் டச்சுக்காரர்கள் இங்கே வந்து குடியேறியதே பெரும்பாலும் கருங்காலிக்காகத்தான். அவர்கள் வெட்டத் தொடங்கியதன் விளைவை இன்று ஒரு கிதார்ப் பலகைக்காக நாம் அனுபவிக்கிறோம். பக்கத்து மடகாஸ்கரின் கருங்காலியும் 2013 முதல் அதே பட்டியலில்தான். முடிவில் விரற்பலகையும் வறுத்த மேப்பிளே. நிறம் கிட்டத்தட்ட வெல்லப்பாகு. பிடிவாதக்காரர் மூவரில் இருவர் இப்போது அதைப் புகழ்கிறார்கள்.

முனகலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் இதில் சங்கத்தின் பணம் கொஞ்சம் வீணானது. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஒற்றைச் சுருள் பிக்கப் தந்தியின் அசைவை எடுப்பதுபோலவே சுற்றியுள்ள மின்கம்பிகளின் காந்தப்புலத்தையும் எடுத்துவிடும். திருவிழாவில் அலங்கார விளக்குச் சரங்களும் மங்கலாக்கும் சுவிட்சுகளும் இருந்தால் கேட்கவே வேண்டாம். முதல் கிதாரின் உட்குழி முழுவதும் செம்புத் தாள் ஒட்டினோம். கரகரப்பு அடங்கியது, ‘உம்’ அப்படியே இருந்தது. செம்புத் தாள் மின்புல இரைச்சலைத்தான் தடுக்கும், காந்தப்புல முனகலைத் தடுக்காது என்பதை நாங்கள் செம்புத் தாளின் விலை கொடுத்துக் கற்றோம். அதற்கு மருந்து 1955இலேயே கிடைத்துவிட்டது. கிப்சன் நிறுவனத்தின் பொறியாளர் செத் லவர் இரண்டு சுருள்களை எதிரெதிராகச் சுற்றி, காந்தங்களையும் எதிரெதிராக வைத்தார். வெளியிலிருந்து வரும் முனகல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். தந்தியின் ஒலி மட்டும் கூடும். முனகலை முறிப்பது என்ற பொருளில் அந்தப் பிக்கப்புக்கு ஹம்பக்கர் என்ற பெயர் வந்ததே அதனால்தான்.

ஆனால் ஹம்பக்கரின் தடித்த குரல் நம் தீவின் ஆட்டப்பாட்டான சேகாவுக்கு ஒத்துவராது. ரவான் என்னும் கைப்பறைத் தோலின் அதிர்வுக்குமேல் கிதார் கத்தரிபோல வெட்டிக் கேட்க வேண்டும். ஆகவே சேகாக்காரர் இருவருக்கும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுருள் அடுக்கிய, பார்ப்பதற்கு ஒற்றைச் சுருள்போலவே இருக்கும் பிக்கப்புகள். ஒலி கொஞ்சம் மழுங்கியது என்று ஒருவர் இன்னும் சொல்கிறார். முனகவில்லையே என்று அதைக் கேட்ட மற்றவர் சொல்கிறார். ஒலிக் குமிழைக் குறைத்தால் கூர்மையும் சேர்ந்து போய்விடுகிறது என்ற குறைக்குக் குமிழின் மேலே ஒரு சிறிய கெபாசிட்டர் பற்றவைத்தோம். மொத்தச் செலவு ஒரு டால் பூரியின் விலைகூட இல்லை. ஐந்து கிதார்களிலும் அதிகம் பாராட்டப்பட்ட அம்சம் அதுதான்.

என் சொந்தக் கிதாரைப் பற்றி ஒன்று ஒப்புக்கொள்கிறேன். ஹம்பக்கரின் பாதிச் சுருளை அணைத்து ஒற்றைச் சுருளாக்கும் இழுப்புக் குமிழ் வேண்டும் என்று நானே அடம்பிடித்தேன். பாதியை அணைத்தால் ஒலி மெலிகிறது, முனகலும் திரும்பி வந்துவிடுகிறது. ஜூலைக்குப் பிறகு நான் அந்தக் குமிழை இழுக்கவில்லை.

நம்மில் கோயிலில் காவடிச்சிந்தும் தேவாரமும் கிதாரில் வாசிக்கும் அக்காவின் தேவை வேறு. அவருக்குச் சுரத்தை அசைத்து வளைக்கும் கமகம் வேண்டும். வீணையில் மெட்டுகள் உயரமாக நிற்பதால் விரல் பலகையைத் தொடாமல் தந்தியை இழுக்க முடிகிறது. கிதாரில் விரல் மரத்தில் உரசி நின்றுவிடும். மாண்டலின் ஸ்ரீநிவாஸ் நான்கு இரட்டைத் தந்திகளை விட்டுவிட்டு ஐந்து ஒற்றைத் தந்திகள் கொண்ட மின் மாண்டலினுக்கு மாறியதும் இப்படி ஒரு தேவையால்தான். அக்காவின் கிதாரில் ஃப்ரெட்டுகள் என்னும் மெட்டுக் கம்பிகளுக்கு நடுவே மரத்தைக் குழிவாகச் செதுக்கினார் பட்டறை அண்ணன். பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கு மேலே மட்டும் செதுக்கினால் போதும் என்றார் அவர். முழுவதும் வேண்டும் என்றார் அக்கா. அக்காதான் வென்றார். பழகாதவர் அதைக் கையில் எடுத்தால் சும்மா அழுத்தினாலே சுருதி ஏறிவிடும், எச்சரிக்கை. தந்தி நீளம் ஃபெண்டரின் 648 மில்லிமீட்டரா, கிப்சனின் 628 மில்லிமீட்டரா என்ற விவாதத்தில், இழுக்க இளகலாக இருக்கும் குட்டையானதைத் தேர்ந்தார்.

ஃப்ரெட்டுகள் ஐந்திலும் துருவேறா எஃகு. வழக்கமான நிக்கல் சில்வரில் வெள்ளியே கிடையாது, செம்பும் நிக்கலும் துத்தநாகமும்தான். சேகா வாசிப்பவர் கையில் முதல் ஐந்து ஃப்ரெட்டுகள் சீக்கிரமே பள்ளமாகிவிடுகின்றன. எஃகு தேயாது. பட்டறை அண்ணனின் அரங்கள் தேய்ந்தன. புதிய அரங்கள் கணக்கில் வரும். பொருளாளர் வாசிக்கும்போது யாரும் கேள்வி எழுப்ப வேண்டாம்.

அலங்காரத்தில் ஒன்றே ஒன்றுக்கு எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் இரண்டு புள்ளிகளுக்குப் பதிலாக முத்துச்சிப்பியில் ஒரு வேல். பன்னிரு கையனுக்குப் பன்னிரண்டாம் இடம் என்று தலைவர் சொன்னார். சொல்லிவிட்டு அதை அடுத்து வந்த கூட்டங்களிலெல்லாம் திரும்பச் சொன்னார்.

ஐந்தாவது கிதார், இடக்கைப் பழக்கமுள்ள பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு. வலக்கைக் கிதாரைத் திருப்பிப் பிடித்து வாசித்து வந்தாள். குமிழ்கள் முழங்கையில் இடிக்கும், தடித்த தந்தி மெல்லிய தந்தியின் வெட்டில் உட்காராது. பாட்டி வலக்கைக்கு மாற்றச் சொல்லிக்கொண்டே இருந்தாராம். சிறிய கைக்கு ஏற்ற மெலிந்த கழுத்து, தலைப்பக்கம் தந்திகள் அமரும் நட் 42 மில்லிமீட்டர் அகலம், உள்ளே குடைந்து எடை குறைத்த உடல். தராசில் மூன்று கிலோவுக்குச் சற்றுக் குறைவு. சுவரில் தொங்கும் அந்தக் கிதார் நாலரைக் கிலோ. டிசம்பர் கூட்டத்தில் முதன்முறை கையில் வாங்கியபோது அவள் எதுவும் வாசிக்கவில்லை. கழுத்தின் பின்புறத்தை மட்டும் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாட்டிதான் “வாசி” என்றார்.

ஐந்தில் நான்கு முடிந்து உரியவர்களிடம் போய்விட்டன. சேகாக்காரர்களில் இளையவருடையது பிக்கப் வந்துசேராததால் ஆண்டு முடிவில் பட்டறையிலேயே இருந்தது. அடுத்த சுற்றுக்கு ஒன்பது பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். ஏழு தந்தி கேட்கும் இளைஞர்களுக்குத் தடித்த தந்திப் பக்கம் நீளமும் மெல்லிய பக்கம் குட்டையுமாகச் சாய்ந்த ஃப்ரெட்டுகள் வேண்டுமாம். பட்டறை அண்ணன் வரைபடம் கேட்டிருக்கிறார். நாற்பது கேள்விப் படிவம் கேட்கவில்லை.

மண்டபத்தை வாடகையின்றித் தந்த கோயில் நிர்வாகத்துக்கும், சுமைகளை ஏற்றி இறக்கிய வேன் உரிமையாளருக்கும், கூட்டந்தோறும் சிற்றுண்டி தந்த அம்மாக்களுக்கும் நன்றி. இந்த ஆண்டு நம்மை விட்டுப் பிரிந்த மூத்த உறுப்பினருக்காக ஒரு நிமிடம் எழுந்து நிற்போம். பழைய போர்ட் லூயிஸ் கல்யாண வாத்தியக் குழுக்களில் வாசித்தவர் அவர்.

தேநீருக்கு முன் ஒரு வாக்கெடுப்பு இருக்கிறது: ஃப்ரெட் சமன்செய்யும் நீளத் தேய்ப்புப் பலகையைச் சங்கமே வாங்குவதா, இரவலே வாங்கிக்கொள்வதா என்பது. அதோடு, சங்கத்தின் கருவிப்பெட்டியிலிருந்து இடக்கை உடலுக்கான அச்சுப்பலகையும் இரண்டு அரங்களும் நவம்பர் முதல் காணவில்லை. எடுத்துப்போனவர் யாராக இருந்தாலும், பெயர் சொல்லாமல் வாசலருகே உள்ள மேசையில் வைத்துவிட்டுப் போகலாம்.

இவ்வறிக்கையைப் பொதுக்குழு ஏற்றருளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பணிவன்புடன்,
செயலாளர்