சி லேபுக்கு ஒரு வீடியோ கோப்பு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 63-வது பிரிவுப்படி, சிசிடிவி பதிவு, செல்போன் வீடியோ போன்றவற்றைக் கோர்ட்டில் சாட்சியமாக வைக்கும்போது தரும் சான்றிதழில் ஹாஷ் மதிப்பையும் (கோப்பிலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற குறியீடு) குறிக்க வேண்டும். கோப்பில் ஒரு பிட் மாறினாலும் ஹாஷ் அடையாளம் தெரியாமல் மாறிவிடும், அதற்காகத்தான். அஸ்தம்பட்டியில் இறுதியாண்டு மாணவர்களுக்கு புராஜெக்ட் சொல்லித்தருகிறேன். என்னிடம் வருபவர்கள் இப்போது ஆளுக்கொரு 'வீடியோ ஹாஷ்' புராஜெக்டோடுதான் வருகிறார்கள்.

ஏற்காட்டிலிருந்து வரும் ஒரு பையனின் சி மொழி புரோகிராம், எந்த வீடியோவைக் கொடுத்தாலும் ஈ3பி0சி442 என்று தொடங்கும் ஒரே விடையைத் தந்தது. அது ஒன்றுமே இல்லாத காலித் தரவுக்கு எஸ்எச்ஏ-256 என்ற ஹாஷ் முறை தரும் விடை. காரணம் ஒரே வரி. கோப்பை எஃப்ரீட் (கோப்பைப் படிக்கும் சி ஃபங்ஷன்) கொண்டு படித்துவிட்டு, நீளத்துக்கு ஸ்டர்லென் (எழுத்துத் தொடரின் நீளத்தை அளக்கும் ஃபங்ஷன்) போட்டிருக்கிறான். ஸ்டர்லென் பூஜ்ய பைட்டைக் கண்டதும் நின்றுவிடும். எம்பி4 கோப்பிலோ பொதுவாக முதல் பைட்டே பூஜ்யம்தான். ஆக நீளம் 0. ஹாஷைக் கணக்கிட்ட ஓப்பன்எஸ்எஸ்எல் லைப்ரரி மேல் தப்பே இல்லை, கொடுத்ததற்குச் சரியான விடையைத்தான் சொன்னது. இதே புரோகிராமைக் கல்லூரியில் டெக்ஸ்ட் கோப்பை வைத்து ஓட்டிக்காட்டி முழு மார்க்கும் வாங்கிவிட்டான்!

அவன் கெட்டிக்காரன்தான். ஆனால் லேபில் சொல்லித்தருவது எம்டி5 என்ற பழைய ஹாஷ் முறையின் 64 படிகளைக் கையால் எழுதுவது. அந்த எம்டி5-க்கு 2004-லேயே ஒரே ஹாஷ் வரும் இரு வேறு தரவுகளைக் காட்டிவிட்டார்கள். எஸ்எச்ஏ-1 என்ற இன்னொரு பழைய முறைக்கு 2017-இல் கூகுளும் ஆம்ஸ்டர்டாம் ஆய்வு மையமும் ஒரே ஹாஷ் வரும் இரண்டு பிடிஎஃப்களைக் காட்டின. (சட்டத்தின் சான்றிதழ்ப் படிவத்திலேயே இந்த இரண்டு முறைகளும் இன்னும் இருக்கின்றன. அது டெல்லி விவகாரம்.)

வேலைக்குப் போகிறவனுக்கு வேண்டியது லைப்ரரியை ஒழுங்காக அழைக்கத் தெரிவது. ஓப்பன்எஸ்எஸ்எல்லின் ஈவிபி வகை ஃபங்ஷன்களில் தொடக்கம், அப்டேட், முடிவு என்று மூன்றே கட்டம். பெரிய வீடியோவைத் துண்டு துண்டாகப் படித்து, ஒவ்வொரு முறையும் எஃப்ரீட் திருப்பித் தரும் எண்ணிக்கையையே அப்டேட்டுக்கு நீளமாகக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு அழைப்பும் வெற்றியா என்றும் பார்க்க வேண்டும். பழைய நேரடி ஃபங்ஷன்களை 2021-இல் வந்த ஓப்பன்எஸ்எஸ்எல் 3.0 கைவிட வேண்டியவை என்று அறிவித்துவிட்டது. கம்பைலர் எச்சரிக்கிறது, பிள்ளைகள் எச்சரிக்கையையே அணைத்துவிடுகிறார்கள்.

செலவில்லாத ஒரு யோசனை. லேப் தேர்வில் டெக்ஸ்ட் கோப்போடு ஒரு எம்பி4, காலிக் கோப்பு ஒன்று, அப்புறம் கம்ப்யூட்டரின் நினைவகத்தை (ராம்) விடப் பெரிய கோப்பு ஒன்று கொடுங்கள். விடையை லினக்ஸில் ஹாஷைக் கணக்கிடும் எஸ்எச்ஏ256சம் கட்டளையோடு ஒப்பிட்டு, ஒரு எழுத்து பிசகினாலும் மார்க் இல்லை என்று சொல்லிவிடுங்கள்.

- மு.செ., அஸ்தம்பட்டி, சேலம்