ரோஸி நம்ம ஊரில் இருந்தார்

அன்புள்ள மணி,

நீ கொடுத்தனுப்பிய நேந்திரங்காய் சிப்ஸ் வந்து சேர்ந்தது. பாதியைப் பேரப்பிள்ளைகள் காலி செய்துவிட்டார்கள், மீதியை ஒளித்து வைத்திருக்கிறேன். முட்டுவலி பரவாயில்லை. மழைதான் விட்டபாடில்லை.

போன வாரம் அகஸ்தீஸ்வரத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்து இலைக்காரர் ஜே. சி. டேனியல் பேச்சை எடுத்தார். மலையாளத்தின் முதல் படத்தை எடுத்தவர் இந்த மண்ணுக்காரர், அதற்காக நிலத்தையெல்லாம் விற்றவர் என்று ஒரே பெருமை. பாயசம் வந்தது, பேச்சு மாறிப்போச்சு. அந்தப் படத்தின் கதாநாயகி ரோஸி பெயர் வரவே இல்லை. நானும் வாய் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் உறுத்தியது.

உனக்குத் தெரிந்த கதைதான். படத்தின் பெயர் 'விகதகுமாரன்', 1928 என்பார்கள், 1930 என்பாரும் உண்டு. பம்பாயிலிருந்து வந்த நடிகை ஒத்துவராமல் போகவே, காக்காரிசி என்ற நாட்டுப்புற நாடகம் ஆடிக்கொண்டிருந்த ரோஸியை, தீண்டக்கூடாதென்று ஒதுக்கிய புலையர் சாதிப் பெண்ணை, மேல்சாதி நாயர் வீட்டுச் சரோஜினியாக நடிக்க வைத்தார் டேனியல். ரோஸி மத்தியானச் சோற்றை வீட்டிலிருந்தே கொண்டுவந்து தனியாக உட்கார்ந்து சாப்பிடுவாராம். கேமரா முன்னால் நாயர் பெண், சாப்பாட்டு நேரத்தில் பழையபடி. உங்கள் திருவனந்தபுரம் கேப்பிட்டல் தியேட்டரில் முதல் காட்சி. ரோஸி வந்தால் நான் வரமாட்டேன் என்று தொடங்கிவைக்க இருந்த பெரிய வக்கீல் சொல்லிவிட்டாராம். திரையில் கதாநாயகன் ரோஸி தலையில் இருந்த பூவுக்கு முத்தம் கொடுத்ததும் கல் பறந்தது.

கொஞ்சம் யோசித்துப் பார். 1913-ல் பால்கே எடுத்த 'ராஜா ஹரிச்சந்திரா' படத்தில் அரிச்சந்திரன் மனைவி தாராமதியாக வந்த சாலுங்கே ஆம்பளை, ஓட்டலில் வேலை பார்த்தவர். 1917-ல் 'லங்கா தகன்' எடுத்தபோது ராமனும் அவரே, சீதையும் அவரே. ரூபி மையர்ஸ் என்ற யூதப் பெண் திரையில் சுலோசனா ஆனார், ரெனீ ஸ்மித் என்ற ஆங்கிலோ இந்தியப் பெண் சீதா தேவி ஆனார். 1935-ல் கே. பி. சுந்தராம்பாள் ஆண்வேடம் கட்டி நந்தனாராக நடிக்க லட்ச ரூபாய் சம்பளம். ஆக, ஆண் சீதையாகலாம், பெண் புலையர் சேரி நந்தனாகலாம். புலையப் பெண் மட்டும் நாயர் பெண்ணாகக் கூடாது. 'வேஷப் பொருத்தம்' என்று எவனாவது சொன்னால் எனக்குச் சிரிப்புதான் வரும்.

ரோஸி வீட்டுக்கும் தீ வைத்ததாகச் சொல்கிறார்கள். தப்பி ஓடியவர் ஒரு லாரியில் ஏறி நாகர்கோவிலுக்கு வந்தார். லாரி ஓட்டிய கேசவ பிள்ளையையே கட்டிக்கொண்டு ராஜம்மாள் ஆனார். கேசவ பிள்ளை நாயர். திரையில் நாயர் பெண்ணாக நிற்க விடாதவரை, இங்கே நாயர் வீட்டம்மாவாகவே ஊர் அறிந்திருக்கிறது. நாம் சைக்கிளில் வடசேரிச் சந்தையைச் சுற்றிய நாட்களில் காய்கறிக் கூடையோடு எதிரே வந்திருப்பாரோ, என்னவோ. வழிவிடச் சொல்லி மணியடித்திருப்போம்.

படமும் மிஞ்சவில்லை. டேனியலின் இளைய மகன் சின்ன வயதில் சுருளைக் கொளுத்தி, அது நீலமாக எரிவதை வேடிக்கை பார்த்தாராம். பெரியவரான பிறகு அவரே சொன்னது. இன்றைக்கு ரோஸி என்று எல்லாரும் போடுகிற போட்டோகூட அவர்தானா என்பதில் சந்தேகம் உண்டு.

அடுத்த மாதம் கண் பரிசோதனைக்கு அங்கே வருகிறேன். ஏஜீஸ் ஆபீஸ் (அக்கவுண்டன்ட் ஜெனரல் அலுவலகம்) பக்கம் கேப்பிட்டல் இருந்த இடத்தைக் காட்டு. சாயாவும் பழம்பொரியும் உன் கணக்கு.

அன்புடன்,
ராஜன்