அயோடின் கொடுக்கும் முன் எச்சில் சுரப்பியையும் ஒரு படம் எடுங்கள்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் தைராய்டு புற்றுநோய் பார்க்கும் டாக்டர்களுக்கு வணக்கம்.

நான் குடியாத்தத்துக்காரன். எங்கள் அம்மாவுக்கு தைராய்டை எடுத்த பிறகு, மிச்சமிருக்கும் தைராய்டு செல்லை அழிக்க அயோடின்-131 என்ற கதிரியக்க மருந்தைக் கொடுத்தார்கள். நோய் அடங்கியது. அந்த நன்றி எங்கள் வீட்டில் என்றும் இருக்கும். அந்தச் சிகிச்சையை நான் குறை சொல்லவில்லை.

நான்கு மாதம் கழித்து, சாப்பிட உட்கார்ந்தாலே அம்மாவுக்குக் காதுக்குக் கீழே கன்னம் புடைத்துக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் தானாக வடிந்துவிடும். பல்தான் காரணம் என்று ஒரு பல்லைப் பிடுங்கினோம். வீக்கம் நிற்கவில்லை. இப்போது சோற்றில் ரசத்தைக் குளமாக ஊற்றினால்தான் தொண்டையில் இறங்குகிறது. ராத்திரி தலைமாட்டில் சொம்புத் தண்ணீர் வேண்டும். வேலூர் வெயிலில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது என்கிறார்.

தைராய்டு செல் அயோடினை எந்த வாசல் வழியாக இழுத்துக்கொள்கிறதோ, அதே வாசல் எச்சில் சுரப்பியிலும் இருக்கிறதாம். காதோரச் சுரப்பிக்குத்தான் அடி அதிகம். குழாய் சுருங்கிவிடுகிறது; சோற்றைக் கண்டதும் சுரக்கும் எச்சில் போக வழியில்லாமல் தேங்குகிறது. இதை எங்களுக்கு முன்கூட்டியே யாரும் சொல்லவில்லை.

பிறகு ஒரு ஸ்கேன் எடுத்தார்கள். டெக்னீசியம்-99எம் என்ற லேசான கதிரியக்க மருந்தை ஊசியில் போட்டு, அது உடம்பில் எங்கே போகிறது என்று காட்டும் காமா கேமராவின் கீழே படுக்க வைத்தார்கள். அந்த மருந்தும் அதே வாசல் வழியாகத்தான் உள்ளே போகும். பாதியில் எலுமிச்சைச் சாறு கொடுத்தார்கள். நல்ல சுரப்பி என்றால் புளிப்புப் பட்டதும் எச்சிலோடு மருந்தையும் வெளியே தள்ளும், சுரப்பியில் எவ்வளவு மருந்து இருக்கிறது என்று திரையில் காட்டும் கோடு சரசரவென்று இறங்கும். அம்மாவின் வலது காதோரச் சுரப்பியில் கோடு இறங்கவே இல்லை. இடது சுரப்பி மருந்தைச் சரியாக வாங்கவே இல்லை.

"சிகிச்சைக்கு முன்னால் எப்படி இருந்தது?" என்று அந்த டாக்டர் கேட்டார். எங்களிடம் படம் இல்லை. அம்மா பல வருடமாக பிரஷர் மாத்திரை போடுகிறவர். சில மாத்திரைகளாலும் வாய் வறளும். எது எவ்வளவு கெடுத்தது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

நான் கேட்பது அந்த முதல் படத்தைத்தான். அயோடின் கொடுக்கும் பெரும்பாலான இடங்களில் காமா கேமராவும் இருக்கிறது. எல்லோருக்கும் முடியாது என்றால் சரி, அல்ட்ராசவுண்டாவது எடுங்கள். அதில் கதிர்வீச்சு கிடையாது, சுரப்பி சுருங்கியிருப்பதும் தெரியும். இரண்டாவது முறை அயோடின் கொடுக்கும் முன் கட்டாயம் எடுங்கள். அளவு கூடக்கூடச் சேதமும் கூடுகிறது.

டிஸ்சார்ஜ் சீட்டிலும் தமிழில் ஒரு வரி எழுதுங்கள்: சாப்பிடும்போது கன்னம் வீங்கினால், மாதங்கள் கழித்து என்றாலும், எங்களிடம் வந்து காட்டுங்கள்.

அடுத்த மாதம் அம்மாவுக்கு மறுபரிசோதனை. இன்னொரு முறை அயோடின் வேண்டும் என்று சொன்னால், இந்த ஸ்கேன் படத்தை மேசையில் வைத்துவிட்டுத்தான் பேசப்போகிறேன்.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் மகன்,
குடியாத்தம்